புதுப்பிப்பு: .22 ரைஃபிளில் டம்மி தோட்டா

9 எம்எம் பிஸ்டலில் டம்மி தோட்டா (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு வெறும் டிரிகர் பயிற்சி செய்கிற மாதிரி .22 ரைஃபிளிலும் செய்யலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். செய்து பார்த்தாயிற்று.

9 எம்எம்மில் டிரிகரை இழுத்ததும் பாயும் ஊசி தோட்டாவின் அடிப்பாகத்தில் நட்டநடுவே அடிக்கும். டம்மியில் அந்த இடத்தில் ரப்பரோ ஸ்பிரிங்கோ இருந்து அடியை வாங்கிக்கொள்ளும். .22 அப்படியில்லை, ஊசி விளிம்பில் அடிக்கும். நான் வாங்கிய சிவப்பு அலுமினிய டம்மியில் பத்துப் பன்னிரண்டு அடியிலேயே பள்ளம் விழுந்துவிட்டது, நகத்தால் தடவினாலே தட்டுப்படுகிறது. அதே பள்ளத்தில் ஊசி திரும்பத் திரும்ப இறங்கினால் சேம்பரின் (தோட்டா உட்காரும் அறை) விளிம்பு அடிவாங்கும். அந்த வகை டம்மி ஏற்றி இறக்கிப் பழக மட்டும்தான்.

டம்மிக்குப் பதிலாக, மறுமொழியில் ஒரு அண்ணன் சொன்ன மஞ்சள் பிளாஸ்டிக் சுவர் பிளக்தான் (சுவரில் திருகு இறக்கப் போடுவது) இப்போது கைகொடுக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் சற்றுத் திருப்பிப் போடுகிறேன், நசுங்கினால் புதிது. ரொம்ப நன்றி அண்ணா! (ருகர் 10/22 என்ற .22 ரைஃபிளை எதுவும் போடாமல் வெற்றாக அடிக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். என்னுடையது வேறு, கையால் போல்ட் இழுத்து ஏற்றும் பழைய ரைஃபிள்.)

நிஜத் தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டிய அலமாரியில். டார்ச் அடித்து சேம்பரைப் பார்க்காமல் நான் தொடங்குவதே இல்லை. தயவுசெய்து நீங்களும் பாருங்கள்.

டிரிகரை இழுக்கும்போது ரைஃபிள் ஆடுகிறதா என்று பார்க்கக் குழல் நுனியில் ஒரு காசு வைக்கிறேன். முதல் வாரம் அது பத்துக்கு ஆறு முறை விழுந்தது. நேற்று ஒரே முறைதான்.