அம்மாவுக்குப் பித்தப்பை வீக்கம்: இப்போதே லேப்ராஸ்கோபியா, 6 வாரம் கழித்தா?

அம்மாவுக்கு 58 வயது, சுகர் உண்டு. திண்டுக்கல்லில் இருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி கல்யாண விருந்து சாப்பிட்டு வந்ததும் மேல்வயிற்றில் வலி. கேஸ் என்று நினைத்து அசிடிட்டி சிரப், ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம் (எங்கள் வீட்டில் எல்லா வலிக்கும் அதுதான் மருந்து). கேட்கவில்லை. விடிவதற்குள் வலி வலது விலாவுக்குக் கீழே வந்து நின்றது, தோள்பட்டை வரை இழுத்தது. இரண்டு முறை வாந்தி, 101 டிகிரி காய்ச்சல்.

ஞாயிறு காலை அட்மிட் செய்தோம். ஸ்கேனில் பித்தப்பைக் கழுத்தில் 14 மி.மீ. கல், பையின் சுவர் 6 மி.மீ. தடிப்பு, சுற்றிலும் கொஞ்சம் நீர். பித்தநாளம் விரியவில்லை, காமாலை இல்லை. வெள்ளை அணுக்கள் 15,400. ஈசிஜி நார்மல். டிரிப்ஸும் ஆன்டிபயாடிக் ஊசியும் போகின்றன. காய்ச்சல் விட்டது, வலி பாதிதான் குறைந்திருக்கிறது.

இங்குள்ள டாக்டர், வீக்கம் வற்றட்டும், 6 வாரம் கழித்து லேப்ராஸ்கோபியில் (சிறு துளை போட்டு) பித்தப்பையை எடுக்கலாம் என்கிறார். ரிப்போர்ட்டை மதுரையில் இன்னொரு சர்ஜனிடம் காட்டினேன். வலி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் என்றால் திசுக்கள் இறுக ஒட்டும் முன் எடுத்துவிடலாம், காத்திருந்தால் நடுவில் மறுபடி வலி வரலாம் என்கிறார் அவர். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் சுகர் 240-ல் நிற்கிறது, அதுதான் பயம். இன்று செவ்வாய், ராத்திரியோடு அந்த 72 மணி நேரம் முடிகிறது.

சுகர் உள்ளவருக்கு வீக்கத்தோடேயே லேப்ராஸ்கோபி செய்த அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாக சர்ஜன்கள் சொல்லுங்கள்: அம்மாவை இன்றே மதுரைக்கு மாற்றிவிடலாமா?