பொறித்த எழுத்துக்குள் வெள்ளைப் பெயின்ட் நிற்க மாட்டேங்குது

உரிமம் உள்ள .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். ரிசீவரின் (போல்ட் நகரும் உலோக உடற்பகுதி) இடப்பக்க எழுத்துகளுக்கும் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) அருகே உள்ள புள்ளிக்கும் நிறம் ஏற்ற மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். புள்ளி ஆழமானது, முதல் தடவையே பிடித்துக்கொண்டது. எழுத்துகள்தான் வம்பு. லேசர் பொறிப்பு, நகத்தால் தடவினால்கூடச் சரியாகத் தட்டுப்படாது.

முதலில் அக்ரிலிக். காய்ந்ததும் துடைத்தேன், பாதி எழுத்து துணியோடு வந்துவிட்டது. அடுத்து எனாமல்: 24 மணி நேரம் காயவிட்டு, வழிந்ததை மட்டும் தின்னர் தொட்ட துணியால் எடுத்தேன். பார்க்க அருமை! ஒரு வாரம் கழித்து வழக்கமான எண்ணெய் போட்டதும் ஓரமெல்லாம் உரிந்தது. மெழுகு கலந்த கலர் குச்சியும் அதே கதைதான்.

ஒவ்வொரு முறையும் தோட்டா இல்லை என்று பார்த்து, போல்ட்டைக் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்த பிறகே தொடங்கினேன். அசிட்டோன் தொடவில்லை, பக்கத்திலேயே பாலிமர் (பிளாஸ்டிக்) பாகம் இருக்கிறது. பொறிப்பை ஆழப்படுத்தச் சொல்லாதீர்கள். சீரியல் எண்ணும் அதே வரிசையில்தான், அதில் கைவைக்க மாட்டேன்.

இவ்வளவு மேலோட்டமான பொறிப்பில், எண்ணெய் பட்டாலும் உரியாமல் நிற்கிற பெயின்ட் எது?