கரண்ட் வைக்கிற டாக்டர்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்:

அப்பாவுக்கு மூளையில் கட்டி, பார்வை நரம்புக்குப் பக்கத்தில். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. எங்கள் பக்கம் அதைக் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்வோம். வெந்நீரில் இளக்கிய வலை பிளாஸ்டிக்கை முகத்தில் அமுக்கி முகமூடி செய்தார்கள். தினமும் அதைப் போட்டு, தலை அசையாதபடி மேசையோடு பூட்டிவிடுவார்கள். "ஷாக் அடிக்குமா?" என்று அப்பா கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "கரண்ட் மெஷினுக்குத்தான் ஐயா. உங்களுக்கு எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றார்.

ஆனால் 30 நாளில் ஒருநாள்கூட அவர் மெஷின் பக்கம் வந்து நான் பார்க்கவில்லை. பட்டனை அழுத்துவது டெக்னீஷியன் பையன். வாரம் ஒருமுறை ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் இரண்டு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷப் படிப்பு?

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற டெக்னீஷியன்:

அண்ணாச்சி, அந்தப் பையன்களில் நானும் ஒருத்தன். டாக்டர் வேலை நீங்கள் மேசையில் படுக்கும் முன்பே முடிந்திருக்கும். முகமூடியோடு சிடி ஸ்கேன் எடுத்தார்கள் இல்லையா, அதன்மேல் எம்ஆர்ஐயைப் பொருத்தி, படம் படமாகக் கட்டியைச் சுற்றிக் கோடு போடணும். அப்புறம் கண், பார்வை நரம்பு, அந்த இரண்டு நரம்பும் சேருகிற இடம், மூளைத்தண்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோடு. கட்டிக்கு 60 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு) போகணும், பார்வை நரம்பில் 54-க்கு மேல் ஏறக்கூடாது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? எங்கள் டாக்டரம்மா ராத்திரி எட்டு மணிக்கும் மவுஸும் கையுமாக இருப்பார்கள், பக்கத்தில் டீ ஆறிக் கிடக்கும். கதிர்வீச்சுக் கணக்குப் போடுகிற பிசிசிஸ்ட் வந்து "மேடம், 56 வருது" என்றால் மறுபடியும் முதலிலிருந்து. "விட்டா அவரு தினத்தந்தி வாசிக்க முடியாதுல்லா" என்பார்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர்:

எங்களுக்குக் கரண்ட் வேண்டாம் என்ற டாக்டர் கிடைத்தார். கோயில் கொடையில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் தங்கச்சி மகளின் ஒரு கண்மணி வெள்ளையாக மின்னியது. பூனைக்கண் என்றார்கள் ஆச்சி. பரிசோதித்தால் ரெட்டினோபிளாஸ்டோமா, சின்னப் பிள்ளைகளுக்கு வரும் கண் புற்று. உடனே கரண்ட் வைக்கச் சொல்லி மச்சான் கெஞ்சினார். சின்னப் பிள்ளைக்கு வெளியிலிருந்து வைத்தால் முக எலும்பு சரியாக வளராது, பின்னால் வேறு புற்றும் வரலாம் என்று டாக்டர் மறுத்துவிட்டார். கீமோவில் கட்டி சுருங்கியது. மிச்சத்துக்கு மட்டும் பித்தான் அளவு, கதிர்வீசும் ருத்தீனியம் தகடு ஒன்றைக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்து, சில நாளில் எடுத்தார்கள். கண் தப்பியது. மச்சான் அன்றைக்கு அவரைத் திட்டிய திட்டு இங்கே எழுத முடியாது.

மறுபடி அம்பாசமுத்திரத்திலிருந்து:

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது, அண்ணாச்சி. படுக்கையில் விழும்வரை பேப்பர் வாசித்தார்கள்.