தரம் 6: இஸ்லாமிய சர்வதேசப் பாடசாலையில் லோக்கல் சிலபஸா, லண்டனா?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். மகள் அடுத்த வருஷம் தரம் 6. நாங்கள் பார்த்திருக்கும் இஸ்லாமிய சர்வதேசப் பாடசாலையில் லோக்கல் சிலபஸும் (அரச பாடத்திட்டம்) இருக்கு, லண்டன் பக்கம் கேம்பிரிட்ஜும் இருக்கு, கூடவே ஹிப்ழ் (குர்ஆன் மனனம்) வகுப்பு. "தரம் 9 வரை இரண்டையும் சேர்த்தே படிப்பிப்போம், பிறகு பிரிப்போம்" என்கிறார்கள். இது சரிவருமா? இங்கே இலங்கையில் அரச பல்கலைக்கழகத்துக்கு வழி அடைபட்டுப் போகுமா?

பதில் 1:
வஅலைக்குமுஸ்ஸலாம். பல்கலைக்கழகத்திலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆட்களை எடுப்பது இலங்கை உயர்தரத்தின் இசட் புள்ளியை (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளி) வைத்து. மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி) வேண்டும், உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி வேண்டும். லண்டன் உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்தாலும் அந்த வரிசையில் பெயர் வராது. வெளிநாட்டுத் தகைமையுள்ளவர்களுக்கென இருக்கும் இடங்கள் மிகச் சொற்பம். மருத்துவமோ பொறியியலோ இங்கே அரச செலவில் படிக்க வேண்டும் என்பது எண்ணமானால் லோக்கல்தான். தனியார் பட்டமோ வெளிநாடோ என்றால் லண்டன் போதும்.

சர்வதேசப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. கல்வி அமைச்சு அங்கீகரித்த தனியார் பாடசாலை என்பது வேறு. அதனால் பிள்ளை ஓ/எல் (சாதாரண தரம்) எழுதும்போது பாடசாலைப் பரீட்சார்த்தியா, தனியார் பரீட்சார்த்தியா என்று முதலில் கேளுங்கள். தனியார் என்றால் விண்ணப்பம், முடிவுத் திகதி, அடையாள அட்டை எல்லாவற்றையும் வீட்டிலிருந்துதான் கவனிக்க வேண்டி வரும். திகதியைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போய்விடும்.

பதில் 2:
"சேர்த்தே படிப்பிப்போம்" என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் இரண்டு சிலபஸும் பெருமளவு ஒன்றுக்கொன்று பொருந்தும், அலகுகள் வரும் வரிசைதான் மாறும். பிள்ளை அடிபடுவது தாய்மொழியிலும் வரலாற்றிலும். லோக்கல் ஓ/எல்லில் ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். உயர்தரத்துக்குப் போக தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக ஆறு பாடம் சித்தியடைந்து, மூன்றில் சி (திறமைச் சித்தி) அல்லது அதற்கு மேல் வேண்டும்.

'தமிழ்மொழியும் இலக்கியமும்' பேச்சுத் தமிழை வைத்துக்கொண்டு எழுதக்கூடிய வினாத்தாள் அல்ல. இலக்கணம், கட்டுரை, செய்யுள் எல்லாம் உண்டு. வாரம் இரண்டு பாடவேளைத் தமிழோடு ஆங்கில மூலம் படித்த பிள்ளை, விஞ்ஞானத்தில் ஏ எடுத்துவிட்டுத் தமிழில் டபிள்யூ (சித்தியில்லை) வாங்கும். அப்போது உயர்தரமே தடைப்படும். தரம் 6, 7, 8 நேரசூசியைக் கையில் வாங்கித் தமிழுக்கும் வரலாற்றுக்கும் எத்தனை பாடவேளை என்று எண்ணிப் பாருங்கள். தமிழுக்கு ஐந்துக்குக் குறைந்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. தரம் 8 பிள்ளை ஒன்றின் தமிழ்க் கட்டுரைக் கொப்பியையும் கேட்டுப் பாருங்கள், திருத்தியிருக்கும் விதமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பிரிவதற்குத் தரம் 9 முடிவுதான் கடைசி எல்லை. ஐஜிசிஎஸ்ஈக்கும் (லண்டன் பக்கத்து ஓ/எல் மட்டப் பரீட்சை) லோக்கல் ஓ/எல்லுக்கும் இரண்டிரண்டு வருஷம் முழுதாக வேண்டும்.

பதில் 3:
இஸ்லாம் பாடத்தையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜ் இஸ்லாமிய்யாத் (ஓ லெவலில் 2058, ஐஜிசிஎஸ்ஈயில் 0493) இரண்டு வினாத்தாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், 50 புள்ளி. 15 குர்ஆன் பகுதி, 20 ஹதீஸ், வஹீ (இறைச்செய்தி) அருளப்பட்டதும் தொகுக்கப்பட்டதும், ஸீரா (நபியின் வாழ்க்கை வரலாறு), நான்கு கலீஃபாக்கள். பெரிய கேள்வி ஒவ்வொன்றும் 10, 4 எனப் பிரியும். மத்ரஸாவில் நன்றாகப் படித்த பிள்ளை 10 புள்ளிப் பகுதியை அழகாக எழுதிவிட்டு 4 புள்ளியில் அதே சம்பவத்தை மறுபடி சொல்லும். அங்கே கேட்பது "இது ஏன் முக்கியம், இன்று எப்படிப் பொருந்தும்" என்ற காரணம். இதைத் தனியாகப் பழக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

உயர்தரம் வரை யோசித்தால் ஆய்வுகூடத்தைப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானப் பாடங்களில் ஐஜிசிஎஸ்ஈக்கு எழுத்தில் செய்யும் மாற்று வினாத்தாள் 6 உண்டு. ஆனால் ஏஎஸ் மட்டத்தில் (உயர்தரத்தின் முதல் பாதி) வினாத்தாள் 3 ஆய்வுகூடத்தில் கையால் செய்வது, அதற்கு மாற்று இல்லை. மற்றொரு லண்டன் பரீட்சைச் சபையான எடெக்செல்லில் செய்முறை அலகுகள் 3, 6 எழுத்துப் பரீட்சை. ஆய்வுகூடம் சரியில்லாத இடத்தில் எடெக்செல்லுக்குத் திருப்புவது இதனால்தான்.

கேட்டவர்:
ஜஸாகல்லாஹ் ஹைர். ஹிப்ழையும் கூட வைத்தால் தாங்குமா?

பதில் 2:
கணக்குப் போட்டுப் பாருங்கள். மதீனா முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) 604 பக்கம். நாளுக்கு ஒரு பக்கம் சபக் (புதுப் பாடம்), வாரம் ஐந்து நாள், வருஷம் 40 வாரம் என்றால் 200 பக்கம். மூன்று வருஷத்துக்குச் சற்று மேலே. தரம் 6இல் தொடங்கினால் தரம் 9இன் ஆரம்பத்தில் முடியும், இன்ஷா அல்லாஹ். ஆனால் ஓதியது தங்குவது புதுப் பாடத்தால் அல்ல, மன்ஸிலால் (பழையதை மீட்டுவதால்). முடித்த பிறகு நாளுக்கு அரை ஜுஸ்உ (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று ஜுஸ்உ) மீட்டினால் 60 நாளில் ஒரு சுற்று வரும். தரம் 10, 11 நேரசூசியில் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒதுக்காத இடத்தில் ஓ/எல் முடியும்போது பாதி போயிருக்கும்.

சபக்கை ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின், முதல் பாடவேளைக்கு முன் வைக்கும் பாடசாலை நல்லது. பிற்பகலில் களைத்துப்போன பிள்ளையிடம் வைத்தால் ஹிப்ழும் நிற்காது, கணிதமும் நிற்காது.