கோடைப் பயிற்சி விண்ணப்பத்திற்குத் 'தகுதி இல்லை' என்று பதில் வந்திருக்கிறது: எங்கே தவறினேன்?

இரண்டாமாண்டு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கேயே பிறந்தவள் என்பதால் குடியுரிமையில் சிக்கல் எதுவும் இல்லை. சாலை, பாலம் சார்ந்த வேலைக்கே போக வேண்டும் என்ற விருப்பத்தில், போக்குவரத்து சார்ந்த ஒரு மத்திய அரசு அமைப்பு மாணவர்களுக்கும் அண்மையில் பட்டம் பெற்றவர்களுக்குமான 'பாத்வேஸ்' திட்டத்தின்கீழ் அறிவித்திருந்த, ஊதியத்துடன் கூடிய கோடைப் பயிற்சிக்கு ஜனவரி மாதம் யு.எஸ்.ஏ.ஜாப்ஸ் என்ற மத்திய அரசு வேலைவாய்ப்புத் தளத்தின் வழியாக விண்ணப்பித்தேன். கேட்ட ஆவணங்கள் அனைத்தையும் இணைத்தேன். கேள்விப் பட்டியலையும் முழுமையாக நிரப்பினேன்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு வந்த மின்னஞ்சலில், நான் விண்ணப்பித்த தரநிலைக்குரிய குறைந்தபட்சக் கல்வித் தகுதி என்னிடம் இல்லை என்று இருந்தது. அறிவிப்பில் ஜி.எஸ். எனப்படும் மத்திய அரசின் பொது ஊதிய அட்டவணையிலிருந்து ஜி.எஸ்.-3, ஜி.எஸ்.-4 என்று இரண்டு தரநிலைகள் இருந்தன, ஜி.எஸ்.-4க்குக் கேட்கப்பட்டது இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு. நான் இரண்டாம் ஆண்டில்தானே இருக்கிறேன், பிறகு எப்படித் தகுதி இல்லாமல் போகும்? என் சராசரி மதிப்பெண் 3.6. இதே தவறை அடுத்த விண்ணப்பத்திலும் செய்துவிடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.

தார்ச்சாலை:

நீங்கள் இணைத்த டிரான்ஸ்கிரிப்டில் (பல்கலைக்கழக மதிப்பெண் பதிவில்) உங்கள் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். மாணவர் தளத்திலிருந்து திரைப்பிடிப்பு எடுத்து இணைப்பவர்கள் பலர். அதில் பாதி விவரம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். என் தம்பிக்கு அப்படித்தான் ஆயிற்று.

கோப்புக்காரர்:

மத்திய அரசுப் பணியாளர் தேர்வுப் பிரிவு ஒன்றில் சில ஆண்டுகள் இந்தக் கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆவணம் விடுபட்டிருந்தால் பெரும்பாலும் 'ஆவணம் முழுமையாக இல்லை' என்றே பதில் வரும். உங்களுக்கு வந்திருப்பது கல்வித் தகுதியைப் பற்றியது, ஆகவே காரணம் வேறாக இருக்க வேண்டும். மூன்று விவரங்கள் தேவைப்படுகின்றன. விண்ணப்பம் முடிந்த நாளன்று நீங்கள் படித்து முடித்திருந்த கிரெடிட்கள், அதாவது பாட அலகுகள், எத்தனை? அப்போது படித்துக்கொண்டிருந்தவை எத்தனை? கேள்விப் பட்டியலில் எந்தெந்தத் தரநிலைகளுக்கு உங்களைப் பரிசீலிக்கலாம் என்று குறித்தீர்கள்?

இரண்டாமாண்டு மாணவி:

நன்றி ஐயா. முதல் ஆண்டில் 31, சென்ற இலையுதிர் பருவத்தில் 15, ஆக 46 கிரெடிட்கள் முடித்திருந்தேன். இந்தப் பருவத்தில் 16 கிரெடிட்கள் படிக்கிறேன். மே மாதம் முடிந்தால் 62 ஆகிவிடும். பயிற்சியோ ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது என்பதால் ஜி.எஸ்.-4 மட்டும் குறித்தேன். ஊதியமும் அதில்தான் கூடுதலாக இருந்தது.

கோப்புக்காரர்:

சிக்கல் அங்கேதான் இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, 'இரண்டு ஆண்டுப் படிப்பு' என்பது நீங்கள் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைக் குறிப்பதில்லை. மத்திய அரசின் தகுதி வரையறையில் ஓர் ஆண்டு என்றால் 30 செமஸ்டர் கிரெடிட்கள், அதுவும் முடித்தவை. ஜி.எஸ்.-3க்கு ஓர் ஆண்டு, அதாவது 30, ஜி.எஸ்.-4க்கு இரண்டு ஆண்டு, அதாவது 60. இத்தகைய அறிவிப்புகள் பலவற்றில், எல்லாத் தகுதிகளும் விண்ணப்பம் முடியும் நாளுக்குள் நிறைவேறியிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பயிற்சி தொடங்கும் நாளுக்குள் முடித்தால் போதும் என்று சொல்லும் அறிவிப்புகளும் உண்டு. உங்களுக்கு வந்த பதிலை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை என்றே தோன்றுகிறது. கோப்பைப் பார்ப்பவர் டிரான்ஸ்கிரிப்டில் மதிப்பெண் விழுந்திருக்கும் பாடங்களை மட்டும் கூட்டுவார். 'நடப்பில் உள்ளது' என்று எழுதியிருக்கும் 16 கிரெடிட்களை அவர் கூட்ட மாட்டார். ஆகவே அவருடைய தாளில் உங்கள் எண்ணிக்கை 46.

இரண்டாவது சிக்கல்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 46 கிரெடிட்கள் ஜி.எஸ்.-3க்குத் தாராளமாகப் போதும். ஆனால் நீங்கள் ஜி.எஸ்.-4 மட்டும் குறித்துவிட்டதால், உங்களை ஜி.எஸ்.-3 பட்டியலில் வைத்துப் பார்க்க அவருக்கு வழியே இல்லாமல் போய்விட்டது. விண்ணப்பதாரர் குறிக்காத தரநிலைக்கு அலுவலர் தாமாக இரக்கப்பட்டு மாற்றிவிட முடியாது. 'நான் ஏற்கும் மிகக் குறைந்த தரநிலை' என்ற அந்தக் கேள்வியைப் பலரும் சம்பளப் பேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது எந்தப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறலாம் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி. தகுதியுள்ள எல்லாத் தரநிலைகளையும் குறிப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

ஊதிய வேறுபாட்டையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். அறிவிப்பில் தரப்படும் ஆண்டுத் தொகையை 2,087ஆல் வகுத்தால் ஒரு மணி நேர ஊதியம் கிடைக்கும். பத்து அல்லது பன்னிரண்டு வாரங்களில் இரண்டு தரநிலைகளுக்கும் இடையே வரும் வேறுபாடு, வாய்ப்பையே இழக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்காது.

இரண்டாமாண்டு மாணவி:

இப்போது புரிகிறது ஐயா. பள்ளியில் எழுதிய, கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வுகளுக்காகப் பல்கலைக்கழகம் எனக்கு 9 கிரெடிட்கள் தந்திருக்கிறது. அவற்றையும் சேர்த்தால் மறுபரிசீலனை கேட்க முடியுமா?

கோப்புக்காரர்:

பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டு டிரான்ஸ்கிரிப்டில் பதிந்திருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 46உடன் 9 சேர்ந்தாலும் 55தான், 60 ஆகவில்லை. மறுபரிசீலனை கேட்பதற்குத் தடை இல்லை, அறிவிப்பின் அடிப்பகுதியில் தொடர்பு அலுவலரின் மின்னஞ்சல் இருக்கும். ஆனால் அது அவர்கள் தவறாகக் கணக்கிட்டிருந்தால் மட்டுமே பயன்படும். உங்கள் விஷயத்தில் அவர்கள் கணக்கு சரியாகவே இருக்கிறது. அந்த மின்னஞ்சலை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள்: இதே பிரிவில் வேறு அறிவிப்பு வரவிருக்கிறதா என்று இரண்டு வரிகளில் கேளுங்கள்.

தேடும்போது 'கோடைப் பயிற்சி' என்ற சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பொறியியல் மாணவர் பயிற்சிப் பணிகளுக்கு 0899 என்ற பணிவகைத் தொடர் எண்ணும், போக்குவரத்துப் பிரிவு மாணவர் பயிற்சிப் பணிகளுக்கு 2199 என்ற தொடர் எண்ணும் உண்டு. அந்த எண்களைக் கொண்டு தேடலைச் சேமித்து வைத்தால் புதிய அறிவிப்பு வந்தவுடன் மின்னஞ்சல் வரும். சில அறிவிப்புகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விண்ணப்பங்கள் வந்தவுடன் மூடப்பட்டுவிடும் என்பதால், கடைசி நாள் இருக்கிறதே என்று காத்திருப்பது ஆபத்து.

நெடுவழி:

தங்கைக்கு வணக்கம். நான் ஒரு மாநில நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருக்கிறேன். விண்ணப்பத்தில் நேர்ந்த தவறை மேலே உள்ளவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் சொல்ல வருவது, நீங்கள் தட்டிய கதவைப் பற்றி.

சாலையும் பாலமும் கட்டும் வேலைக்குப் போக விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். 1967இல் செயல்படத் தொடங்கிய அமெரிக்கப் போக்குவரத்துத் துறையில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள். அங்குள்ள நெடுஞ்சாலை நிர்வாகம் பணம் தருகிறது, தரநிலைகளை வகுக்கிறது, ஆய்வு நடத்துகிறது. தேசியப் பூங்காக்கள் போன்ற மத்திய அரசு நிலங்களில் போடும் சாலைகள் நீங்கலாக, அது தார் ஊற்றுவது அரிது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருகிய மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளுக்குக்கூட மத்திய அரசின் பங்கு பொதுவாக 90 விழுக்காடு என்றாலும், வடிவமைத்து, ஒப்பந்தம் விட்டு, கட்டி, பராமரிப்பது மாநிலங்கள்தாம். கொள்கை, ஆராய்ச்சி, பாதுகாப்பு விதிமுறை ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் மத்திய அரசுப் பயிற்சி மிகச் சிறந்தது. வர்ஜீனியாவில் உள்ள டர்னர்-ஃபேர்பேங்க் நெடுஞ்சாலை ஆராய்ச்சி மையம், மாசசூசெட்ஸில் உள்ள வோல்ப் மையம் போன்ற இடங்களில் கிடைக்கும் அனுபவம் வேறெங்கும் கிடைக்காது. களத்தில் நிற்க வேண்டும் என்றால் மாநிலத் துறைதான் இடம்.

எங்களிடம் கோடையில் வரும் மாணவர்கள் ஊதியம் பெறும் தற்காலிகப் பணியாளர்கள். காலையில் கான்கிரீட் லாரி வந்தவுடன் கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் சோதனை செய்வார்கள்; 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்ப்பதற்காக உருளைகளை வார்த்து வைப்பார்கள்; போட்ட தார்த்தளத்திலிருந்து வெட்டியெடுத்த மாதிரிகளின் அடர்த்தியை அளப்பார்கள்; அன்றன்றைய வேலையை ஆய்வாளரின் நாட்குறிப்பில் எழுதுவார்கள். பாலத்தை ஆய்வு செய்யும் குழுவோடு போக வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். 1967 டிசம்பரில் ஒகையோ ஆற்றின்மேல் இருந்த சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்த பிறகுதான் நாடு முழுமைக்கும் பாலங்களை முறையாக ஆய்வு செய்யும் விதிகள் வந்தன. அந்த விபத்துக்குக் காரணம், தாங்கு சங்கிலியின் ஒரே ஓர் இரும்புக் கண்ணியில் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்திருந்த விரிசல். ஏணியில் ஏறி, சுத்தியலால் தட்டி, பற்றவைப்பு ஓரங்களைக் கையால் தடவிப் பார்க்கும் அந்த ஆய்வாளர்களிடம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வதைப் பாடப்புத்தகத்தில் பெற முடியாது என்பது என் அனுபவம்.

மாநில அறிவிப்புகள் யு.எஸ்.ஏ.ஜாப்ஸ் தளத்தில் வருவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் வேலைவாய்ப்புத் தளத்தில் தனியாக வெளியிடும். இப்போதே பாருங்கள்.

அறைத்தோழி:

இந்த இழையைக் காட்டியவளே இரண்டாமாண்டு மாணவிதான். நாங்கள் ஒரே அறையில் இருக்கிறோம். நான் எஃப்-1 மாணவர் விசாவில் சிவில் பொறியியல் முதுநிலை படிக்க வந்து ஓராண்டு முடியப்போகிறது. என்னைப் போன்றவர்களுக்கு இவற்றில் ஏதேனும் வழி இருக்கிறதா, அல்லது அரசு என்றாலே கதவு மூடியதுதானா?

கோப்புக்காரர்:

மத்திய அரசின் கதவு உங்களுக்கு ஏறக்குறைய மூடியதுதான். 1976ஆம் ஆண்டின் 11935ஆம் நிர்வாக ஆணைப்படி மத்திய அரசின் போட்டிப் பணிகளுக்குக் குடியுரிமை வேண்டும். பாத்வேஸ் பயிற்சியிலிருந்து நிரந்தரப் பணிக்கு மாறுவதற்கும் அதே நிபந்தனைதான். அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம் என்றே சொல்வேன்.

நெடுவழி:

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுகிறது. வேலை செய்ய அனுமதி இருந்தால் போதும் என்று சொல்லும் மாநிலங்கள் உண்டு. அறிவிப்பில் தெளிவாக இல்லாவிட்டால், விண்ணப்பிப்பதற்கு முன்பே சி.பி.டி. அனுமதியோடு, அதாவது படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதியோடு, வருபவரை ஏற்பார்களா என்று எழுதிக் கேளுங்கள். சி.பி.டி.க்கு, பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும், பயிற்சி உங்கள் பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும், வேலையைத் தொடங்கும் நாளுக்கு முன்பே உங்கள் ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலர் அதைப் பதிந்திருக்க வேண்டும். இதில் ஒரு நாள்கூட முன்பின் ஆகக் கூடாது. முழுநேர சி.பி.டி. பன்னிரண்டு மாதங்களை எட்டினால் அந்தப் பட்ட நிலைக்குரிய ஓ.பி.டி., அதாவது படித்த துறையில் பொதுவாகப் பட்டத்துக்குப் பிறகு வேலை செய்யும் அனுமதி, போய்விடும், ஒரு கோடைக்கு அந்தக் கவலை இல்லை.

எளிதான வழி இன்னொன்றும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, மத்திய போக்குவரத்துத் துறையின் நிதியில் பல பல்கலைக்கழகங்களில் போக்குவரத்து ஆராய்ச்சி மையங்கள் நடக்கின்றன. அவற்றில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால், பணம் மத்திய அரசிலிருந்து வந்தாலும் உங்களை வேலைக்கு எடுப்பது பல்கலைக்கழகம்தான். உங்கள் பல்கலைக்கழகத்திலேயே அந்த மையம் இருந்தால் அது வளாகப் பணி; விடுமுறைக் காலத்தில் முழுநேரம் செய்வதற்கும் எஃப்-1 விதி இடம் தருகிறது. பொது அறிவிப்புக்காகக் காத்திருக்காமல், போக்குவரத்துப் பாடம் நடத்தும் பேராசிரியரை நேரில் போய்ப் பாருங்கள்.

தார்ச்சாலை:

சுயவிவரம் பற்றி ஒன்று. மத்திய அரசுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதமும் ஆண்டும், முடிந்த மாதமும் ஆண்டும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும் இருக்க வேண்டும். ஊதியமில்லாத தன்னார்வப் பணியையும் அப்படியே எழுதலாம். நூலகத்தில் வாரம் பத்து மணி நேரம் உட்கார்ந்ததையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாமாண்டு மாணவி:

இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தொடர்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கோப்புக்காரர் ஐயா சொன்னபடியே, முடித்த கிரெடிட்கள் 46 என்பதாலும் நான் ஜி.எஸ்.-4 மட்டும் குறித்ததாலும்தான் தள்ளப்பட்டது என்று மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார். 0899 தொடரில் வந்த இன்னோர் அறிவிப்புக்கு இரண்டு தரநிலைகளையும் குறித்து, ஏ.பி. கிரெடிட்கள் பதிந்த புதிய டிரான்ஸ்கிரிப்டை இணைத்து அனுப்பிவிட்டேன். எங்கள் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கும் விண்ணப்பித்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நேர்காணல். அறைத்தோழிக்குப் பேராசிரியர் ஒருவர் போக்குவரத்துக் கணக்கெடுப்புத் தரவுகளைச் சரிபார்க்கும் வேலையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. மாநிலத்திலிருந்து முதலில் வாய்ப்பு வந்தால், மத்திய அரசின் பதில் வரும்வரை அதை நிறுத்தி வைக்கலாமா?

கோப்புக்காரர்:

வேண்டாம். மத்திய அரசிலிருந்து முதலில் வருவது தற்காலிக வாய்ப்புக் கடிதம். அதன்பிறகு கைரேகை, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்தால்தான் உறுதிக் கடிதம் வரும். அதற்குப் பல வாரங்கள் ஆகலாம். மாநிலம் அழைத்தால் போய்ச் சேருங்கள். அடுத்த ஜனவரியில் உங்கள் கையில் 60க்கு மேல் கிரெடிட்கள் இருக்கும், அப்போது ஜி.எஸ்.-4ஐயும் சேர்த்தே குறிக்கலாம்.

நெடுவழி:

நேர்காணலில், வாரத்தில் எந்தெந்த நாள் இரவுப் பணிக்கு வர முடியும் என்று கேட்பார்கள். கோடையில் தார்த்தளம் போடும் வேலை பெரும்பாலும் போக்குவரத்து குறைந்த இரவில்தான் நடக்கும். முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் காலணியைத் துறையே தருமா, நீங்களே வாங்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.