குன்னூர் பங்களா கணப்பு: புகை உள்ளே வருகிறது, சூடு வெளியே போகிறது

மலைக்காற்று:
பழைய செங்கல் கணப்பு (ஃபயர்பிளேஸ்). வாய் 36 அங்குல அகலம், 30 உயரம், 24 ஆழம். புகைபோக்கி உள்ளளவு 9×9. மூட்டினால் ஹாலுக்குள் புகை, சூடும் தங்குவதில்லை. ஹால் 14×16 அடி, 10 அடி உயரம். சாதாரணமாகச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் போதும். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி முழுக்க வேண்டும். புகைபோக்கியை இடிக்காமல் என்ன செய்யலாம்?

ரசமட்டம்:
வாய் 1080 சதுர அங்குலம், புகைபோக்கி 81. பத்தில் ஒரு பங்காவது வேண்டும். உங்களுடையது பதிமூன்றில் ஒன்று. வாயைச் சுருக்குங்கள். தீ எரியும்போது மேல்விளிம்பில் ஒரு தகரத்தைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்குங்கள். ஏழரை அங்குலம் இறங்குவதற்குள் புகை நின்றுவிட வேண்டும். நின்ற இடத்தில் நிரந்தரத் தகடு.

சூட்டுக்கு ரம்ஃபோர்டு வடிவம் (ஆழம் குறைந்து, சூட்டை அறைக்குள் திருப்பும் கணப்பு): ஆழம் 12, பின்சுவர் அகலம் 12, பக்கச்சுவர்கள் 45 டிகிரியில் வெளியே விரியும், தொண்டை (தீக்கு மேலே புகைபோக்கிக்குள் போகும் இடுக்கு) 4 அங்குலம். ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்), ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) சாந்து, இணைப்பு 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கொத்தனார் சிமென்ட் கலவை போடப் பார்ப்பார், விடாதீர்கள்; சூட்டில் பொரிந்து உதிரும். விறகை ஓரடித் துண்டாக்கி நிமிர்த்தி அடுக்க வேண்டும்.

சீகைக்காடு:
சாயங்காலத்துக்கு அது சரி. ராத்திரிக்கு உதவாது. தணல் அடங்கிய பிறகும் திறந்த கணப்பு அறையின் சூட்டை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். தணல் இருக்கும்வரை டேம்பரை (புகைபோக்கியை அடைக்கும் மூடியை) மூடவும் முடியாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

ராத்திரிச் சூடு கட்டாயம் என்றால் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பை உள்ளே பொருத்துங்கள். உங்கள் ஹாலுக்கு 5 கிலோவாட் போதும். அடுப்பிலிருந்து உச்சிவரை 6 அங்குல 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் குழாய். தொண்டையைச் சுற்றித் தகடு வைத்து அடைக்க வேண்டும். குழாய் இல்லாமல், அடுப்புக்கு அளவுமீறிய இந்தப் புகைபோக்கியில் விட்டால் புகை குளிர்ந்து தாராகப் படியும், ஒருநாள் அதுவே பற்றும். ஈரவிறகை வைத்துக் காற்றை அடைத்தாலும் இதே கதிதான். சீகையோ (வாட்டில் மரம்) யூகலிப்டஸோ, பிளந்து ஒரு வருஷம் கூரைக்கடியில் காயட்டும்.

ஒன்றைக் கவனியுங்கள்: ரம்ஃபோர்டுக்காக 12 அங்குல ஆழத்தில் சுவர் எழுப்பிவிட்டால் பெரும்பாலான அடுப்புகள் உள்ளே போகாது. இரண்டில் ஒன்றுதான். என் ஓட்டு அடுப்புக்கு. சாயங்காலமும் அதிலேயே ஓடும்.

மலைக்காற்று:
அடுப்பு வைத்தால் வாயைச் சுருக்க வேண்டாமா?

சீகைக்காடு:
வேண்டாம், தகடே அடைத்துவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள்.

ரசமட்டம்:
எதையும் வாங்குமுன் புகைபோக்கியைச் சுத்தம் செய்து, சமையலறை எக்ஸாஸ்டை நிறுத்தி, ஜன்னலை ஓரங்குலம் திறந்து மூட்டிப் பாருங்கள். புகை நின்றால் குறை காற்றுவரத்தில். அடுப்புக்கும் அந்த வழி தேவைப்படும்.