புதுப்பிப்பு: உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப்ல வைஃபை அறுந்துக்கினே இருந்தது, சரியாயிடுச்சு

சும்மா வச்சிருந்தா வைஃபை அறுந்துடுதுன்னு கேட்டிருந்தேனே, தீர்ந்துடுச்சு, சொன்ன எல்லாருக்கும் நன்றிபா. முதல்ல புது டிரைவர் போடச் சொன்னாங்க, போட்டேன், ஏறவே இல்ல, செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து இருக்கான்னு பாத்து ஏத்துற பாதுகாப்பு) ஆன்ல இருக்கவே டிஜிட்டல் கையெழுத்து இல்லாத அந்த டிரைவர் மாட்யூல கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) உள்ளயே விடல, அதோட அத விட்டுட்டேன். வைஃபை பவர்சேவ் (கரண்ட மிச்சம் பிடிக்கிற செட்டிங்) ஆஃப் பண்ணச் சொன்னாரே ஒரு அண்ணன், அதான் கேட்டுது. நெட் கனெக்‌ஷன பாத்துக்குற நெட்வொர்க்மேனேஜரோட கான்ஃப்.டி ஃபோல்டர்ல வைஃபை.பவர்சேவ் = 3ன்னு (அதாவது ஆன்) ஒரு வரி இருக்கும், அத 2 (ஆஃப்) ஆக்கிட்டு சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணணும். 0 போடாதீங்க, அது ஆஃப் இல்ல, டீஃபால்ட்டு. எதிர்பார்க்காதது, பிங் (நெட்ல பதில் வர ஆகுற நேரம்) கண்டபடி எகிறினதும் அடங்கிடுச்சு. பேட்டரி மட்டும் கொஞ்சம் சீக்கிரம் இறங்குது, இங்க வேலூர் சத்துவாச்சாரில மத்தியானம் கரண்ட் போனாதான் அது உறைக்குது. காட்பாடி பக்கம் ஒரு கடையில வைஃபை கார்டையே மாத்தணும்னாங்க, தேவைப்படல.